மெழுகைத் துடைத்தவள்

ஒரகடம் கார் தொழிற்சாலையில் என்ன வேலை என்று கேட்டால், ஒட்டுகிற வேலை என்பாள் சந்திரலேகா. தகடும் தகடும் சேரும் இடத்தில் பசை வைக்க வேண்டும். வைப்பதற்கு முன் பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கு பொட்டுகூட இல்லாமல் துடைக்க வேண்டும். வருஷக்கணக்காகத் துடைத்துப் பழகிய கை, ஹாஸ்டலில் சோற்றுத் தட்டைக்கூடத் துடைக்காமல் விடாது. அந்தக் கையை என்ன செய்வது!

அறைத்தோழி பூமாரிக்கோ துப்பாக்கிப் பைத்தியம். கோவில்பட்டிக் கல்லூரியில் என்சிசியில் தொற்றிக்கொண்டது. இங்கேயும் ஷிப்டு முடிந்ததும் மணிமங்கலம் பக்கத்து ரைபிள் கிளப்புக்கு ஓடிவிடுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாநிலப் போட்டிக்கான தகுதிச் சுற்று. அவள் வாய்விட்டு ஆசைப்பட்டது இது ஒன்றுக்குத்தான். ஆனால் கிளப் கொடுத்த பழைய ரைபிளில் குண்டு ஓரிடத்தில் விழாமல் அலைந்தது. சுடும் இரும்புப் பகுதி மரக்கட்டைக்குள் லேசாக ஆடியது. கட்டையின் பள்ளத்தில் எபாக்சிப் பசையை நிரப்பி, இரும்பை அதில் உட்காரவைத்து இறுகவிட்டால், அதன் அச்சு அப்படியே பதிந்துவிடும், பிறகு ஆடாது. இரும்பில் மட்டும் மறக்காமல் மெழுகு பூச வேண்டும், இல்லாவிட்டால் பிரித்தெடுக்க முடியாது.

பசை என்றதும், "அத நான் பாத்துக்கிடுதேன்" என்று கிளம்பிவிட்டாள் சந்திரலேகா. கிளப் செயலாளர் இராமச்சந்திரனும் சம்மதித்தார்.

வெள்ளிக்கிழமை கிளப் மேஜையில் வேலை நடந்தது. பூமாரி மெழுகு பூசி வைத்தாள். சந்திரலேகா பசையைக் குழைத்து நிரப்பினாள். இரும்பைக் கையில் எடுத்தாள். வழவழவென்று பட்டதும், பழக்கதோஷம், கொண்டுவந்திருந்த தின்னர் துணியால் பளிச்சென்று துடைத்து உட்காரவைத்தாள்.

மறுநாள் காலையில் திருகாணிகளைக் கழற்றி இழுத்துப் பார்த்தார்கள். அசையவில்லை. தன் கை செய்த காரியம் அப்போதுதான் சந்திரலேகாவுக்கு உறைத்தது.

"இன்னாம்மா, ஒட்டிகிச்சா? நாளைக்கு மேட்ச வெச்சிகினு... வேற ரைபிளும் இல்லியே" என்று தலையில் கை வைத்தார் இராமச்சந்திரன்.

"ஏட்டி, நாந்தான் மெழுகத் தொடச்சிட்டேன்" என்றாள் சந்திரலேகா.

"தெரியும். பாத்துக்கிட்டுதான நின்னேன்" என்றாள் பூமாரி.

"பொறவு ஏம்ட்டி சொல்லல?"

"பசை ஒனக்குத் தெரிஞ்ச வேல. நீ செஞ்சா ஒரு காரணம் இருக்கும்னு நெனச்சேன்."

பூமாரி திட்டியிருந்தால்கூடச் சந்திரலேகா தாங்கியிருப்பாள். இப்படி ஒருத்தி நம்பினால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தொழிற்சாலையின் குளிர்ச் சோதனை அறையில், இரும்பு சுருங்கி ஒட்டு விட்டுப்போன பாகங்களை அவள் பார்த்திருக்கிறாள். உடனே படப்பை மீன் கடைக்குப் போய் ஐஸ் வாங்கிவந்தாள். கல் உப்பைக் கலந்தாள். ரைபிளை பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி, இரும்பு உட்கார்ந்திருந்த இடத்தை ஐஸ் மூட்டைக்குள் புதைத்து, மூட்டை சரியாமல் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். ஐஸ் கரையக் கரையப் பூமாரி புதிதாகக் கொண்டுவந்து போட்டாள். சந்திரலேகாவின் விரல்கள் மரத்துப்போயின. "தள்ளு, நான் புடிக்கேன்" என்று பூமாரி கேட்டும் இவள் நகரவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் இராமச்சந்திரன் மரச் சுத்தியலால் பதமாகத் தட்டினார். டக்கென்று இரும்பு விடுபட்டது. பசையில் பதிந்த அச்சு ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது.

ஞாயிறன்று போட்டி நடந்த இடத்துக்குள் சந்திரலேகா போகவே இல்லை. வாசல் வேப்பமரத்தடியில் நகத்தைக் கடித்தபடி நின்றாள். பூமாரி கையில் இலக்கு அட்டையோடு வந்தாள். அதை நீட்டினாள். நடுப்புள்ளியில் ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சந்திரலேகா கட்டைவிரலை வைத்தாள். எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன.

"செலக்ட் ஆயிட்டேன்ட்டி."

சந்திரலேகாவுக்குக் கண் நிறைந்து வழிந்தது. கையில் இருந்த அட்டையை நனையாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். பூமாரி தன் துப்பட்டா நுனியை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"இந்தா, இத மட்டும் நல்லாத் தொடச்சுக்கோ."