எதிர்வீட்டு முறுக்கு டின்

போன மாதம் பெரியப்பாவின் சபையில் எல்லா மதத்தாரையும் கூப்பிட்டு விருந்து வைத்தார்கள். மேடையேறிய பெரியப்பா சகிப்புத்தன்மையைப் பற்றிப் பேசினார். ஐரோப்பாவில் கிறிஸ்தவர்களே ஒருவரையொருவர் உயிரோடு கொளுத்தினார்களாம். வெட்டிக் களைத்த பிறகுதான், பக்கத்து வீட்டுக்காரன் எப்படிக் கும்பிட்டாலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்ற புத்தி வந்ததாம். எல்லோரும் கைதட்டினார்கள். இந்த மனிதருக்கு எல்லாமே மறந்துவிட்டதா?

அப்போது எனக்கு எட்டு வயது. ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. அம்மாவுக்கு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. பள்ளி விட்டதும் எனக்குச் சோறு, தூக்கம் எல்லாம் எதிர்வீட்டு ஆன்ட்டியிடம்தான். எனக்கு டிங்கி காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரியில் அம்மாவோடு கண்விழித்தவர் அவர். அம்மாவுக்கு இந்த ஊரில் சொந்தமென்று இருந்ததே அவர் ஒருவர்தான். தீபாவளிக் காலையில் அவர் வீட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின் நிறைய முறுக்கும் அதிரசமும் வரும். கிறிஸ்துமஸுக்கு அதே டின்னில் அம்மா கேக் வைத்து அனுப்புவாள்.

அந்தத் தீபாவளிக்கு அப்பாவின் அண்ணன், அதாவது இந்தப் பெரியப்பா, கடல் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்த பட்டர்வொர்த்திலிருந்து வந்திருந்தார். புதுச் சபையில் ஞானஸ்நானம் எடுத்த சூடு இன்னும் ஆறவில்லை. நாங்கள் கத்தோலிக்கர்கள், எங்கள் வீட்டு மாதா படமே அவர் கண்ணை உறுத்தியது. மேசைமேல் டின்னைப் பார்த்ததும் சாமியாடாத குறைதான்.

“விக்கிரகத்துக்குப் படைச்சத பிள்ளைக்குக் குடுக்கிறியா? குடும்பம் வெளங்குமா?”

அம்மா தடுக்கத் தடுக்க, டின்னைத் தூக்கிக்கொண்டு கீழே போனார். படிக்கட்டின் அடியிலிருந்த குப்பைத் தொட்டியில் அத்தனையையும் கொட்டினார். அப்பா சுழலும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் எதிரே வாய் திறக்காத உத்தமர்! அவர்மேலும் எனக்கு இன்றுவரை கோபம்தான்.

கோயிலுக்குப் போய்விட்டுப் புதுச் சேலையோடு திரும்பிய ஆன்ட்டி, பெரியப்பா கொட்டுவதைப் பார்த்துவிட்டார். அவர் கையிலிருந்த காலி டின்னை வாங்கிக்கொண்டு படியேறி எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மாவிடம் குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

“நீங்க வேதக்காரங்கன்னு எனக்குத் தெரியாதாம்மா? வருஷா வருஷம் மொத ஈடு உங்களுக்குத்தான் லா. சாமிக்குப் படைக்கிறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வச்சிருவேன்.”

டின்னோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா காரை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய்விட்டார். பாவி, ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

அம்மா எதிர்வீட்டுக் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். திறக்கவில்லை. திரும்பி வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்து அப்படி அழுதாள். முறுக்கு போய்விட்டதே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

“அழாதம்மா, ஆன்ட்டி நாளைக்கு வேற சுட்டுத் தருவாங்க” என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.