ஐஸ் பெட்டியில் ஏறிய அலையாத்திக் கன்றுகள்

எதுவும் வாடாமல் இருக்க ஐஸ்தான் மருந்து என்று நம்பியவன் நான். பழவேற்காட்டு ஏலக்கரையில் வெகுகாலம் இறாலுக்கு ஐஸ் போட்டுப் பழகிய கை. கரையோர உப்புச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்களுக்காக என் மனைவி ஸ்டெல்லா பார்த்துக்கொள்ளும் நர்சரியில் படகோட்டியாகச் சேர்ந்தபோது, அந்தப் புத்தியும் கூடவே வேலைக்கு வந்துவிட்டது.

அது முதல் நடவு. ஏரிச் சேற்றில் கையால் நண்டு தடவிப் பிடிக்கப் போகிற நேரம் போக, அவள் விதை பொறுக்கிப் பையில் போட்டு வளர்த்த கன்றுகள். "இதுங்க பொழைக்கலன்னா நர்சரிய வேற ஊருக்குக் குடுத்துருவோம்" என்று வனத்துறை ஆபீசர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஸ்டெல்லா நடவு நடக்கும் அக்கரைக்கு முன்னால் போய்விட்டாள்; கன்றுகளைப் படகில் கொண்டுபோவது என் வேலை. நான் மீன் பெட்டிகளில் நொறுக்கின ஐஸைப் பரப்பி, அதன்மேல் கன்றுப் பைகளை அடுக்கி, மேலேயும் ஐஸ் தூவினேன். இறாலுக்குக்கூட அவ்வளவு மரியாதை செய்ததில்லை.

பாதி ஏரி தாண்டுவதற்குள் இலைகள் தொங்கிவிட்டன. இன்னும் ஐஸ் வைத்தேன். சட்டையைக் கழற்றி, மயங்கி விழுந்த ஆளுக்கு விசிறுவதுபோல விசிறினேன். ஒவ்வொரு கன்றிடமும் மன்னிப்புக் கேட்டேன். படகு அதன் இஷ்டத்துக்குச் சுற்றியது.

கரையில் நின்ற ஸ்டெல்லா பெட்டியைப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது? கன்னா, இறாலா?"

"வெயில்ல வாடுது மே. அதான் விசுறிக்கினு வரேன்."

"மொதல்ல சட்டையப் போடு! காத்து பட்டா எலை இன்னும் தண்ணிய விடும். அடியில வேரு வெறைச்சிக் கெடக்குது, அது எப்டி குடிக்கும்?"

ஐஸைக் கொட்டினோம். தார்ப்பாய் கட்டி, நிழலில், காற்று மறைவில் கன்றுகளை வைத்து, கரையோரத்து வெதுவெதுப்பான ஏரித் தண்ணீரை ஊற்றினோம்.

"செத்துருமா மே?"

"தெர்லய்யா. உக்காரு." என் கையைத் தொட்டவள், "இதுவும் வெறைச்சிப் போச்சே" என்று முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். இலை தன் சிறு துளைகள் வழியே தண்ணீரை ஆவியாக விடும். அந்த இழுப்பில்தான் வேரிலிருந்து தண்ணீர் மேலே ஏறும். குளிர்ந்த வேரால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. கன்றுக்கு நிழல் கொடுங்கள், காற்றை மறையுங்கள். போதும்.

வெயில் தாழ்ந்ததும் இலைகள் மெல்ல நிமிர்ந்தன. ஐஸ் நேராகப் பட்ட சில கன்றுகள் கருகிவிட்டன. மற்றவற்றை மறுநாள் காலையில் சேற்றில் நட்டோம். அவை வேர் பிடித்தன. நர்சரி எங்கள் ஊரிலேயே இருக்கிறது.