மேல்முறையீடும் இரண்டாவது அறையும்

குடும்பநல நீதிமன்றத் தீர்ப்பில் என்னால் ஏற்க முடியாதவை இரண்டு பத்திகள். மற்றவற்றை ஒரே வாசிப்பில் முடித்துவிட்டேன். தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. எந்தக் காகிதத்தையும் ஓரத்தில் பென்சில் குறி போட்டுத்தான் படிப்பேன்.

முதல் பத்தி மகளைப் பற்றியது. அவள் அம்மாவிடம் இருப்பாள். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் காலையிலிருந்து மாலை வரை என்னிடம். இரவு தங்கக் கூடாது, ஏனெனில் தந்தை தென்னூரில் மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறார், குளியலறை கீழே, பொது.

அடுத்த பத்தி ஸ்ரீரங்கம் அடுக்ககத்தில் நாங்கள் இருவர் பெயரிலும் வாங்கிய வீட்டைப் பற்றியது. மகளுக்குப் பதினெட்டு வயதாகும்வரை அவளும் அம்மாவும் அங்கே குடியிருக்கலாம். அதுவரை விற்கக் கூடாது.

மகளுக்குப் பதினோரு வயது.

இரண்டு பத்திகளையும் எதிர்த்து மேல்முறையீடு செய்ய வேண்டும் என்று வக்கீலிடம் போனேன். என்னைவிட இளைய பெண்மணி, எதையும் சிரித்துக்கொண்டே சொல்பவர். நான் எழுதிக்கொண்டு போனதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், மொதல்ல பொண்ணு ராத்திரி என்கூடத் தங்கணும்னு கேக்கிறீங்க. அடுத்த பக்கத்துல பொண்ணு குடியிருக்கிற வீட்ட விக்கணும்னு கேக்கிறீங்க. எதிர்த்தரப்பு வக்கீல் வாயே தொறக்க வேணாம், உங்க மனுவையே படிச்சுட்டு உக்காந்துடுவாரு."

"வித்தாத்தானே மேடம் நான் ரெண்டு ரூம் உள்ள வீட்டுக்குப் போக முடியும்? ரூம் இல்லன்னுதானே ராத்திரி கெடையாதுன்னாங்க?"

"சரிதான். வித்தா அவங்க எங்க போவாங்க?"

"லால்குடி. அவங்க அம்மா வீடு."

"அப்ப ஸ்கூல்?"

லால்குடியிலிருந்து அவள் காலையில் எந்த பஸ்ஸைப் பிடிப்பாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"புள்ள விஷயத்துல தீர்ப்பு கல்வெட்டு இல்ல சார். நெலம மாறுச்சுன்னா இதே கோர்ட்லயே மாத்திக் கேக்கலாம். மதுரை ஹைகோர்ட்டுக்குப் போயும் கேக்கலாம். ஒரு ரூம் ஒரு ரூமாவே இருந்தா அங்கயும் இதே பதில்தான் வரும். வீட்டு விஷயம்தான் மதுரைக்குப் போகணும். எது வேணும்னு முடிவு பண்ணிட்டு வாங்க. முப்பது நாள் கெடு ஓடிட்டிருக்கு."

இரண்டும்தான் வேண்டும். ஆனால் ஒன்றைக் கேட்டால் மற்றது கையைவிட்டுப் போகும் என்பது புரிந்தது. எது எதைத் தள்ளுகிறது என்பதுதான் ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டிருந்தது.

அந்த மாதம் வைகுண்ட ஏகாதசி வந்தது. மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி உண்டு என்று அறிவித்தார்கள். அது இரண்டாவது சனிக்கிழமை, என் நாள். மகளின் அம்மாவுக்கு போன் செய்து, விடுமுறை நாளில் வரட்டுமா என்று கேட்டேன்.

"ஆர்டர்ல சனிக்கிழமைன்னுதான் போட்டிருக்கு. லீவு நாளுன்னு இல்லயே," என்றாள். பிறகு அவளே, "சரி, வாங்க. ஆனா வெளிய கூட்டிட்டுப் போக முடியாது, கூட்டம் நசுக்கிடும். இங்கயே இருந்துட்டுப் போங்க."

பஸ் மாம்பழச்சாலையோடு நின்றுவிட்டது. அங்கிருந்து கூட்டத்தோடு நடந்தேன். பிரிந்த பிறகு அந்த வீட்டுக்குள் போவது அதுவே முதல் தடவை. விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்திருக்கும் டம்ளரில் எனக்குக் காபி வந்தது. எந்த நாற்காலியில் உட்கார்வது என்று தெரியாமல் சற்று நேரம் நின்றேன்.

"அப்பா, ஒரு நாள் உங்க வீட்ல தங்கறேன்ப்பா. பாத்ரூம் கீழன்னா எனக்குப் பரவால்ல," என்றாள் மகள்.

"ஒனக்குப் பரவால்ல. ஜட்ஜுக்குப் பரவால்லயாமா?" என்றது சமையலறைக் குரல்.

"அப்ப பாத்ரூம் உள்ள வீடா பாருங்கப்பா."

"பாக்கச் சொல்லேன். நான் வேணாம்னா சொன்னேன்?"

இரவு தங்கக் கூடாது என்று வழக்கில் எதிர்த்தது இவள்தானே? அறைக்குத் திரும்பியதும் அவளுடைய எதிர்மனுவைத் தேடி எடுத்துப் படித்தேன். அறை, குளியலறை, மாடிப்படி. அவ்வளவுதான் இருந்தது, என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவளுக்கு ஆகாதது அறை மட்டும்தானா, அல்லது அவள் வக்கீலுக்கு எழுதக் கிடைத்தது அது மட்டும்தானா? இன்றும் எனக்குத் தெரியாது.

வாடகைக்கு வீடு தேடத் தொடங்கினேன். என்னிடமிருந்த பழைய காரை விற்றால் முன்பணத்தைச் சமாளிக்கலாம். அதை நிறுத்தவே என் தெருவில் இடம் இல்லை. தென்னூரிலேயே இரண்டு அறையும் உள்ளேயே குளியலறையும் கொண்ட ஒரு வீடு கிடைத்தது. வீட்டுக்கார அம்மா கதவைப் பாதி திறந்துகொண்டு கேட்டார்.

"மொத்தம் எத்தன பேருங்க?"

"நான் ஒருத்தன்தாங்க. மாசத்துல ரெண்டு ராத்திரி மட்டும் ரெண்டு பேரு."

"ரெண்டு ராத்திரியா? யாரு வருவாங்க?" குரல் மாறிவிட்டது.

"என் மக."

"குடும்பமா இருந்தாத்தாங்க குடுப்போம். தனி ஆளுக்குத் தர்றதில்ல."

வீடு இருந்தால்தான் மகள் தங்கலாம் என்கிறது கோர்ட். மகள் தங்கினால்தான் வீடு என்கிறார் இவர். யாரிடம் மேல்முறையீடு செய்வது? நிலைமையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "கூட்டிட்டு வாங்க, பாப்போம்," என்றார்.

நான்காவது சனிக்கிழமை அழைத்துப் போனேன். மதுரையில் மனுப் போடுவதற்கான கெடு அடுத்த செவ்வாயோடு முடியவிருந்தது. மகள் நேராகச் சின்ன அறைக்குப் போய், ஜன்னலைத் திறந்து மூடி, குளியலறைத் தாழ்ப்பாளையும் போட்டுப் பார்த்தாள். பரிசோதகர் மகள்.

"இங்க தங்குவியா பாப்பா?" என்றார் வீட்டுக்கார அம்மா.

"தாழ்ப்பா கொஞ்சம் இறுக்கமா இருக்கு ஆன்ட்டி. எண்ண விட்டா சரியாயிடும். ராத்திரி தங்கறதுக்குக் கோர்ட்ல கேக்கணும்."

"என்னடி இது, தூங்கறதுக்குக் கோர்ட்டா?" அவர் சிரித்துவிட்டு என்னிடம் திரும்பினார். "எண்ண வாங்கிட்டு வந்துடுங்க. ஒண்ணாந்தேதி பால் காய்ச்சிக்கலாம்."

திங்களன்று வக்கீலிடம் போய், மதுரை வேண்டாம் என்றேன். புதிய முகவரியைக் காட்டி, இரவு தங்கும் அனுமதிக்கு இங்கேயே மனுப் போடச் சொன்னேன்.

"அப்ப ஸ்ரீரங்கம் வீட்ட விட்டுட்டீங்களா சார்?"

விட்டேனா, இல்லை ஏழு வருடம் தள்ளிப் போட்டேனா என்று எனக்கே தெளிவில்லை. அதைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் தேதி பார்த்தார்.

மனு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டிருக்கிறேன். சனிக்கிழமைகளில் மகள் அந்த அறையில் மத்தியானம் தூங்குகிறாள். பகல் தூக்கத்தைப் பற்றித் தீர்ப்பில் எதுவும் இல்லை, பார்த்துவிட்டேன்.