பைய வைங்கம்மா

கைக்குழந்தையோடு பட்டணத்திலிருந்து ரயிலேறித் திருநெல்வேலி பார்க்கப் போயிருந்தோம். நெல்லையப்பர் கோயிலில் பாடும் தூண்களைத் தட்டிக் கேட்டாயிற்று. அடுத்து, தாமிரபரணிக்குள் பாறைமேல் இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயில். என் கணவர் குடையை வீசிக்கொண்டு முன்னே போய்விட்டார். இடுப்பில் குழந்தை, கையில் சத்திரத்தில் விட்டுவர மனசில்லாத நகைப்பை. நான் பாறை பாறையாகத் தாண்டிப் போனேன்.

எதிரே வந்த முறுக்கு மீசைக்காரர் ஒருவர் கையை நீட்டி, "பைய வைங்கம்மா! பைய வைங்க!" என்று கத்தினார்.

பட்டப்பகலில் வழிப்பறி! பையைக் கீழே வைத்துவிட்டு ஓடத் திரும்பினேன். கால் வழுக்கியது. பாய்ந்து வந்த அந்த மனிதரின் கையைத்தான் எட்டிப் பிடித்தேன். கீழே தண்ணீர் சுழித்து ஓடியது. குழந்தை சிரித்தது.

"பாசி கெடக்கு, காலைப் பைய வைங்கன்னேன். பையை எதுக்கும்மா அங்கன போட்டிய?" என்று எடுத்துத் தந்தார்.

அந்த ஊரில் 'பைய' என்றால் 'மெதுவாக' என்று அப்புறம்தான் தெரிந்தது. சரியாகப் புரிந்திருந்தால் பையை விட்டிருக்க மாட்டேன். அந்தப் பாசியில் எப்படி நடந்தாலும் வழுக்கியிருக்கும்; அப்போது அவரைப் பிடிக்கக் கையும் இருந்திருக்காது.

அந்தக் குழந்தைக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. அவன் படியிறங்கும்போதெல்லாம் "பைய, பைய" என்கிறேன். "கையில் பையே இல்லையே அம்மா" என்று சிரிக்கிறான்.