இலுப்பையா, வௌவாலா?

ஜவ்வாது மலைக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து ரத்தினம்மாள் தன் கொல்லை இலுப்பை மரத்தைச் சாமியாகக் கும்பிடுவாள். அதன் பழத்தைத் தின்னும் பழந்தின்னி வௌவால்களைத் திருட்டு நாய்கள் என்று திட்டுவாள். அவை பகலில் தொங்கும் புளியமரத்தடியில் இலுப்பைக் கொட்டைகள் சதை நீங்கிச் சுத்தமாகச் சிதறிக் கிடக்கும். திருடியது போக மிச்சம் என்று அவற்றைப் பொறுக்கி எண்ணெய் ஆட்டுவாள்.

இந்த வருஷம் அவள் நச்சரிப்புத் தாங்காமல் புருஷன் முனிசாமி வெடி போட்டு வௌவால்களை விரட்டிவிட்டான். பழமெல்லாம் இலுப்பையடியிலேயே விழுந்து அழுகி, எறும்பு மொய்த்தது. ஒவ்வொன்றாகச் சதையைப் பிதுக்கிப் பிதுக்கி அவளுக்கு இடுப்பு ஒடிந்துபோயிற்று.

"இன்னாய்யா இது, இத்தினி வருசமா உரிச்சுக் குடுத்தது யாரு?"

"என்னாண்ட கேட்டா? நீதானே தொரத்தச் சொன்ன!"

மரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, தலைகீழாகத் தொங்கிய வௌவால்தான் கொட்டையை உரித்துக் கொடுத்திருக்கிறது. இதில் எது சாமி, எது திருடன்?

வருஷா வருஷம் புது எண்ணெயில் முதல் விளக்கு இலுப்பைக்குத்தான். ஏற்றிய அகலோடு இலுப்பையைப் பார்த்தாள். வெறிச்சோடிக் கிடந்த புளியமரத்தையும் பார்த்தாள். அகல் சூடேறி உள்ளங்கையைச் சுட்டது. அப்போதும் அவள் அதை எந்த மரத்தடியிலும் வைக்கவில்லை.