சர்க்கரை குறைந்த ஊர்

பெரம்பலூர் பயிற்சிக் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். வீடு வீடாகப் போய் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது என் வேலை. வந்திருந்தவர்களின் ஊர்களிலேயே சர்க்கரை நோய் குறைவாக இருந்தது என் ஊரில்தான். மீன்சுருட்டிப் பக்கம், நான் பிறந்து வளர்ந்த ஊர்.

பயிற்சி கொடுத்த டாக்டர் பலகையில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேலே நோய் உள்ளவர்கள், கீழே ஊரில் உள்ள பெரியவர்கள் எல்லோரும். வகுத்தால் நூற்றுக்கு எத்தனை பேர் என்று வரும், அதுதான் நோயின் பரவல் என்றார். வெறும் தலைக்கணக்கை வைத்துப் பெரிய ஊரையும் சின்ன ஊரையும் ஒப்பிடக் கூடாதாம். எனக்கு ஒரே பெருமை. திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காததுகூட உறைக்கவில்லை.

இறங்கியதும் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். நான் வருவது அவளுக்குத் தெரியாது. சர்க்கரை பார்க்கும் நாளென்றால் முன்கூட்டியே ஊருக்குச் சொல்லி அனுப்புவேன். இல்லாவிட்டால் எல்லோரும் முந்திரிக் காட்டுக்குப் போய்விடுவார்கள்.

அக்கா தட்டு நிறையச் சோற்றோடு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கால் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. முள் குத்தியதாம், ஆறவே மாட்டேன் என்கிறதாம். அவிழ்த்துப் பார்த்தேன். விரல் கறுத்துப் போயிருந்தது. நாற்றம் அடித்தது. அவளுக்கோ வலியே இல்லை.

பையிலிருந்த கருவியை எடுத்துப் பார்த்தேன். எண்ணே வரவில்லை, அளவைத் தாண்டிவிட்டது என்று மட்டும் காட்டியது. போன முறையும் இதே கருவிதான். அக்காவுக்குச் சர்க்கரை இல்லை என்று காட்டியது. அன்றைக்கு எப்படி இல்லாமல் போனது என்று கேட்டேன்.

அவள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்: "நீ வரேன்னு சொல்லி வுட்டா, முத நாளே எல்லாரும் வயித்தக் காயப் போட்டுருவோம். பாகக்கா சாறு குடிப்போம். சக்கர மாத்திர சாப்புடுறவங்க வூட்டுல ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிப் போட்டுக்குவோம். நம்ம புள்ள வேல பாக்குற ஊரு, அதுக்குக் கெட்ட பேரு வந்துரக் கூடாது பாரு."

எல்லோருமா? ஊர் முழுக்கவா? கோட்டுக்குக் கீழே இருந்தவர்களை ஒருவர் விடாமல் சேர்த்திருந்தேன். மேலே வரவேண்டியவர்கள் எனக்காகப் பட்டினி கிடந்து கீழேயே நின்றுவிட்டார்கள். பாசம் காட்ட இந்தப் பைத்தியக்கார ஜனங்களுக்கு வேறு வழியா கிடைக்கவில்லை! கத்தினேன். அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

அன்றே அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். அதை ஒரு நாள் பட்டினியால் ஏமாற்ற முடியாது. நெடுநாளாகவே சர்க்கரை இருந்திருக்கிறது என்றார் அங்கிருந்த டாக்டர். விரலோடு போய்விடும் என்றுதான் முதலில் சொன்னார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்ததும் அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"ஏண்டி, இது வெளிய தெரிஞ்சா உன் கணக்குல ஒண்ணு கூடிப்போயிடுமா?"

கூடும் என்றேன்.

"அப்ப டிராக்டர்ல மாட்டிக்கிட்டேன்னு சொல்லிக்கிறேன், விடு" என்றாள்.