அக்காவுக்கு இறங்காத பிரஷர்

1. ஒரே சமையல், இரண்டு பிரஷர்

எடை குறைந்தால் பிரஷர் குறையும். லண்டன் ஈஸ்ட் ஹாமில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். யாருக்கு எவ்வளவு குறையும் என்று கேட்டுப் பாருங்கள், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அதில் மரபணுவுக்கு என்ன பங்கு என்று தேடும் ஆய்வில்தான் நான் ரிசர்ச் நர்ஸாக இருந்தேன். அறுபது தாண்டியவர்களை எடை குறைக்க வைப்போம், பிரஷர் பார்ப்போம், ஜீன் பரிசோதனைக்கு இரத்தம் எடுப்போம். பல வருடம் வார்டில் மாரடித்தவள் நான். வேலைக்குத் துள்ளிக்கொண்டு கிளம்பியது அந்தக் காலத்தில்தான்.

புஷ்பமக்காவும் அவருடைய தம்பி நடேசனும் சேர்ந்தே வந்தார்கள். ஒரே வீடு, ஒரே சமையல், பூங்காவில் ஒரே நடை. இருவருக்கும் எடை நன்றாகக் குறைந்தது. எனக்கு வாயெல்லாம் பல். தம்பிக்குப் பிரஷர் மளமளவென்று இறங்கியது. அவருடைய குடும்ப டாக்டரான ஜிபி, பிரஷர் குளிசையையே நிறுத்திவிட்டார். அக்காவுக்கோ குளிசை போட்டும் நூற்று அறுபதை விட்டு அசையவில்லை.

"அக்கா களவா முறுக்குக் கடிக்கிறா, வேறென்ன?" என்று நடேசன் அண்ணை சிரித்தார்.

அவர் வெளியே போனதும் அக்கா என் கையைப் பிடித்தார். "வீட்டில மருமகள் தொடக்கம் எல்லாரும் இதைத்தான் சொல்லினம், பிள்ளை. நான் தொட்டும் பாக்கேல்லை. ஆர் நம்பினம்?" கண் கலங்கியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

2. நூற்றுப் பத்து!

அடுத்த விசிட்டில் அக்காவைப் படுக்க வைத்துப் பார்த்தேன். நூற்றுப் பத்து! நம்ப முடியாமல் பிரஷர் பட்டையை மற்றக் கையில் கட்டினேன். அதே எண். ஓடிப்போய் எங்கள் ஆய்வு டாக்டர் கார்த்திக்கைக் கையோடு இழுத்து வந்தேன். மதுரைக்காரர், அவரும் குதிக்காத குறை.

நிற்க வைத்தும் அளப்பது எங்கள் முறை. "அக்கா, மெல்ல எழும்பி நில்லுங்கோ."

எழுந்தவர் அப்படியே சரிந்தார். இருவருமாகத் தாங்கிப் பிடித்துப் படுக்க வைத்தோம். டாக்டர் ஈசிஜி எடுக்கச் சொன்னார். எனக்கு வேறொரு சந்தேகம். எங்கள் வீடுகளில் சீனி, தேயிலை போலக் குளிசையும் கைமாறும்.

"அக்கா, தம்பியின்ர குளிசை மிச்சம் கிடந்ததோ?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஓம். என்ரையோட சேத்துப் போட்டனான். ஒருக்கா இறங்கினாலாவது நம்புவினம் எண்டு."

"விழுந்து மண்டை உடைஞ்சிருந்தா?" என்று ஏசினேன். ஏசும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. புதிதாக வரும் நர்ஸ்களுக்கு இன்றும் இதைத்தான் சொல்கிறேன்: பிரஷர் இறங்காத ஆளைச் சந்தேகப்படாதீர்கள், திடீரென்று இறங்கினால் என்னென்ன குளிசை போட்டார் என்று முதலில் கேளுங்கள்.

3. தம்பியை உள்ளே கூப்பிட்டோம்

ஈசிஜியில் குறையில்லை. தலைச்சுற்றும் மெல்லத் தெளிந்தது. டாக்டர் அக்காவின் ஜிபிக்குப் போன் செய்து, மருந்தை முறையாக மாற்றிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். பிறகு அக்காவின் சம்மதத்தோடு தம்பியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னோம்.

"ஒரு தாய் வயித்துப் பிள்ளையள்தானே டாக்டர்? எனக்கு இறங்கினது அக்காவுக்கு ஏன் இறங்கேல்லை?"

"ஒரே அம்மா அப்பான்னாலும் ஜீன் எல்லாருக்கும் ஒண்ணா வராதுங்க. எந்த ஜீன்னு இன்னும் தெரியாது. ஜீன் மட்டும்தான் காரணம்னும் சொல்ல மாட்டேன். அதைத் தேடத்தானே நிறைய பேர்கிட்ட ரத்தம் எடுக்கிறோம்! ஒண்ணு சொல்லுங்க, அவங்களுக்கு எடை குறைஞ்சிருக்கா இல்லையா?"

"குறைஞ்சிருக்கு."

"திருட்டுத்தனமா சாப்பிட்டா அது எப்படிக் குறையும்?"

இவ்வளவு நாளும் தராசு எல்லார் கண் முன்னாலும்தான் இருந்தது. நடேசன் அண்ணை போனை எடுத்து வீட்டுக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டார்.

"எல்லாரும் கிட்ட வாங்கோ. அக்காவில ஒரு பிழையும் இல்லை. நான்தான் வாய்க்கு வந்தபடி கதைச்சிட்டன். இந்தா, டாக்டரே சொல்லுவார்."

தலையணையில் சாய்ந்திருந்த புஷ்பமக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சத்தமாச் சொல்லுங்கோ டாக்டர்! என்ர மருமகளுக்குக் காது கொஞ்சம் மந்தம்."